வாரத்துக்கு இரண்டு பீரியட்: உயர்நிலை வகுப்புகளில் கணினியை எந்த வழியில் கற்றுக்கொடுப்பது?

கணினி வகுப்பை இனி எப்படி நடத்துவது என்று ஒரு பள்ளி உட்கார்ந்து பேசினால், பெரும்பாலும் நான்கு குரல்கள் கேட்கும். "டைப்பிங், எக்செல், பவர்பாயிண்ட் தெரிந்தால் போதும், நாளைக்கு வேலைக்கு அதுதான் உதவும்" என்பது ஒன்று. "கோடிங்கைத் தனிப் பாடமாகவே வைத்துவிடலாம், எல்லாரும் படிக்கட்டும்" என்பது இன்னொன்று. "தனிப் பாடம் எதற்கு? கணக்கு, அறிவியல், மொழி வகுப்புகளுக்குள்ளேயே கலந்துவிடலாம்" என்பது மூன்றாவது. "ஆர்வம் உள்ளவர்களுக்கு மாலையில் ஒரு கிளப் நடத்தினால் ஆயிற்று" என்பது நான்காவது. நால்வரும் பிள்ளைகளின் நல்லதுக்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் டைம்டேபிளில் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு பீரியட். அதற்குள் ஒரு வழியைத்தான் முதுகெலும்பாக வைக்க முடியும்.

நான் கணினி ஆசிரியர். இந்த நான்கு வழிகளிலும் வகுப்பு எடுத்துப் பார்த்திருக்கிறேன். எந்த வழி சிறந்தது என்று யாராவது கேட்டால், அந்த வழியில் எந்தப் பிள்ளை வெளியே நிற்கும் என்றுதான் முதலில் யோசிப்பேன். கெட்டிக்காரப் பிள்ளை நான்கில் எந்த வழியிலும் கற்றுக்கொண்டு போய்விடும். வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்கு, கணினி என்றாலே பயப்படும் பிள்ளைக்கு, "இது எனக்கு வராது" என்று பதினொரு வயதிலேயே முடிவு கட்டிவிட்ட பிள்ளைக்கு எது பயன்படும் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு நம்பிக்கையை ஒதுக்கிவைக்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை, போனை வைத்துக்கொண்டே எல்லாம் கற்றுவிடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் சோதிக்கும் ஐசிஐஎல்எஸ் என்ற ஆய்வு, 2018-இல் வேறு படத்தைக் காட்டியது. தகவலைத் தானே மதிப்பிட்டு, தேர்ந்தெடுத்து, ஒழுங்காகத் தொகுத்துத் தரும் உச்ச நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் பேர்தான். வகுப்பறையில் இதைத் தினமும் பார்க்கலாம். விரல் நுனியில் வீடியோ வெட்டி ஒட்டும் பையன், தான் சேமித்த ஃபைல் எங்கே போனது என்று தெரியாமல் திகைத்து நிற்பான். போன் அவனுக்கு ஃபோல்டரைக் காட்டியதே இல்லை. அதில் அவன் தவறு எதுவும் இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முதல் வழி: அலுவலக மென்பொருள்

இந்த வழியை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எக்செல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட்டை உருப்படியாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), நிபந்தனை, மீண்டும் மீண்டும் செய்தல், பிழை தேடுதல் எல்லாமே ஓரளவு பிடிபட்டுவிடும். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் பத்துக் கட்டங்கள் தாமாகவே மாறுகின்றன என்பதைப் பார்த்து வியக்கும் நேரம், நிரலாக்கத்தின், அதாவது கோடிங்கின், வாசலில் நிற்கும் நேரம்தான்.

ஃபைல் வகை, அளவு வரம்பு போன்ற வறண்ட விஷயங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது 15,841 தொற்றுகள் கணக்கிலிருந்து விடுபட்டன. பழைய வகை (.எக்ஸ்எல்எஸ்) எக்செல் ஃபைலில் 65,536 வரிசைகள்தான் அடங்கும். அதற்கு மேல் வந்தவை ஓசையில்லாமல் வெட்டுப்பட்டன. அந்த மனிதர்களுடன் பழகியவர்களுக்குப் போக வேண்டிய எச்சரிக்கையும் தாமதமானது. இதைக் கேட்ட பிறகு, ".எக்ஸ்எல்எஸ் என்றால் என்ன, வேறு வகை என்றால் என்ன" என்ற கேள்வி பிள்ளைகளுக்கு மனப்பாட வினாவாகத் தெரிவதில்லை.

சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வழி பெரும்பாலும் பட்டன் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பாகச் சுருங்கிவிடும். "இந்த மெனுவைத் திற, மூன்றாவது வரியை அழுத்து" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதவைப்போம். 2007-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் தன் மெனுக்களை எடுத்துவிட்டு, மேலே பட்டன்களை வரிசையாகக் காட்டும் ரிப்பனுக்கு மாறியது. அன்றைக்குப் பழைய பாடப்புத்தகங்களில் இருந்த வழிகள் பாதிக்கு மேல் செல்லாமல் போயின. பாஸ்வேர்டு பாடமும் அப்படித்தான். அடிக்கடி மாற்று, பெரிய எழுத்து சிறிய எழுத்து குறியீடு எல்லாம் கலந்து வை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் அந்த அறிவுரையையே மாற்றி, கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் மாற்று, நீளமாக வை என்றது. ஏன் என்பதைக் கற்றவர்களால் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ள முடியும். எப்படி என்பதை மட்டும் கற்றவர்கள் பழைய விதியைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்த வழியில் யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் உள்ளே இருப்பவர்களும் மேலோட்டத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது வழி: தனிப் பாடம்

இதற்கு உலகமே உற்றுப் பார்த்த சோதனை இங்கிலாந்தில் நடந்தது. ஐசிடி (தகவல், தொடர்புத் தொழில்நுட்பம்) என்ற பெயரில் நடந்துவந்த பாடம் சலிப்பூட்டுகிறது, பிள்ளைகள் மென்பொருளைப் பயன்படுத்தக் கற்கிறார்களே தவிர அது எப்படி வேலை செய்கிறது என்று அறிவதில்லை என்று பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2012-இல் அறிக்கை எழுதியது. 2014 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் வந்தது. ஐந்து வயதிலிருந்தே அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிகள்), உயர்நிலையில் குறைந்தது இரண்டு நிரல் மொழிகள், அதில் ஒன்றாவது எழுத்து வடிவ மொழி என்று துணிந்து எழுதினார்கள். காகிதத்தில் அருமையான திட்டம்.

அப்புறம் நடந்ததையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நேற்றுவரை பவர்பாயிண்ட் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் திடீரென்று பைத்தான் என்ற நிரல் மொழியைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. 2017-இல் அதே ராயல் சொசைட்டி மறுபடி அறிக்கை வெளியிட்டு, ஆசிரியர்களுக்குப் போதிய ஆதரவு இல்லை, பாதிக்கு மேற்பட்ட பள்ளிகள் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் கணினி அறிவியலை வழங்கவே இல்லை என்று சொன்னது. அதன் பிறகுதான் பெரும் செலவில் ஆசிரியர் பயிற்சிக்கென்று தேசிய மையம் தொடங்கினார்கள். வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் பாடம், பிறகு ஆசிரியர்.

இன்னொரு விளைவு என்னை அதிகம் வருத்துகிறது. பழைய ஐசிடி தேர்வை எழுதியவர்களில் பெண் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். அந்தத் தேர்வை நிறுத்திவிட்டு, கணினி அறிவியலை மட்டும் விருப்பப் பாடமாக வைத்தபோது, அதை எடுத்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். கடினமான பாடத்தை வைத்ததில் தவறில்லை. எளிதான வாசலை மூடிவிட்டு ஒரே ஒரு குறுகிய வாசலைத் திறந்துவைத்ததால் நேர்ந்தது இது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தனிப் பாடம் எதைத் தருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986-இல் ராய் பீ என்ற ஆய்வாளர், நிரல் கற்கத் தொடங்கும் எல்லாரிடமும் ஒரு பொதுவான தவறான எண்ணம் இருப்பதைக் காட்டினார். நாம் என்ன நினைக்கிறோம் என்பது கணினிக்கு எப்படியோ தெரிந்துவிடும் என்ற எண்ணம். அதைப் பெரும்பிழை என்று அழைத்தார். 'அ = 5' என்று எழுதி, 'ஆ = அ' என்று எழுதி, பிறகு அ-வை 7 ஆக்கினால் ஆ எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் 7 என்பார்கள், பைத்தான் 5 என்று சொல்லும். அந்தக் கணத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, இந்த இயந்திரம் சொன்னதை மட்டும் செய்யும், என் மனதில் இருப்பதைப் படிக்காது என்பதை. போனிலும் இணையத்திலும் பிறகு சந்திக்கப்போகும் எத்தனையோ விஷயங்களுக்கு இந்தப் புரிதல் அடித்தளம். வேறு எந்தப் பாடமும் இதை இவ்வளவு நேரடியாகத் தராது.

கோடிங் படித்தால் மூளை கூர்மையாகும், கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று சொல்லி இதை விற்க வேண்டாம். பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழி 1967-இல் பிறந்த காலத்திலிருந்தே இந்த வாக்குறுதி இருக்கிறது. 1984-இல் பீயும் கர்லண்டும் சோதித்துப் பார்த்தபோது, லோகோ கற்ற பிள்ளைகள் வேறு திட்டமிடும் வேலைகளில் மற்றவர்களை விடச் சிறப்பாகச் செய்யவில்லை. 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஓரளவு பலன் தெரிகிறது என்றார்கள், அதுவும் நிரலாக்கத்துக்கு நெருக்கமான திறன்களில்தான் அதிகம். கணினியைப் புரிந்துகொள்வதற்காகக் கணினி கற்கிறோம். அதுவே போதுமான காரணம்.

மூன்றாவது வழி: மற்ற பாடங்களில் கலப்பது

பின்லாந்து 2016-இல் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. நிரலாக்கத்துக்குத் தனிப் பாடம் இல்லை. கணக்கிலும் கைவேலைப் பாடத்திலும் அது வரும். தகவல் தொழில்நுட்பத் திறன் எல்லாப் பாடங்களிலும் பரவியிருக்கும். ஜப்பான் இரண்டு வழிகளையும் வயதை வைத்துப் பிரித்துக்கொண்டது. 2020 முதல் தொடக்கப் பள்ளிகளில் நிரலாக்கம் மற்ற பாடங்களுக்குள் வருகிறது. 2022 முதல் மேல்நிலைப் பள்ளிகளில் 'தகவல்' என்ற தனிப் பாடம் எல்லாருக்கும் கட்டாயம். 2025 ஜனவரியில் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்விலும் அது இடம்பெற்றது.

கலக்கும் வழிக்கு என் மனம் இயல்பாகவே சாய்கிறது. ஏனென்றால் டிஜிட்டல் திறன்களில் பெரும்பகுதிக்கு உண்மையான இடம் மற்ற பாடங்களில்தான் இருக்கிறது. இணையத்தில் படிப்பது உண்மையா என்று சோதிக்கும் திறனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 உண்மை சரிபார்ப்பவர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். மாணவர்களும் பேராசிரியர்கள் பலரும் அந்தப் பக்கத்திலேயே நின்று சின்னத்தையும் வடிவமைப்பையும் மொழிநடையையும் ஆராய்ந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டில் படிப்பது என்று அதற்குப் பெயர். இதைக் கணினி லேபில் தனியாக ஒரு பயிற்சியாகச் செய்தால் அடுத்த வாரம் மறந்துவிடும். சமூக அறிவியலில், பிள்ளை உண்மையிலேயே ஒரு கட்டுரைக்குத் தகவல் தேடும்போது செய்தால் பழக்கமாகும்.

ஆனால் இந்த வழியில் நான் பட்ட அனுபவம் கசப்பானது. முன்பு பணிபுரிந்த ஒரு பள்ளியில் தனி பீரியடை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாட ஆசிரியரும் பருவத்துக்கு ஒரு கணினிச் செயல்பாடு செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தோம். முதல் பருவத்தில் உற்சாகமாகச் செய்தார்கள். இரண்டாவது பருவத்தில் தேர்வு நெருங்கியதும், யார் எடுப்பார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிலபஸை முடிக்கும் அவசரத்தில் முதலில் விழுவது பெயரில்லாத பீரியட்தான். ஆண்டு முடிவில் ஒரு வகுப்பு ஐந்து செயல்பாடு செய்திருந்தது, பக்கத்து வகுப்பு ஒன்றுகூடச் செய்யவில்லை. யார் வெளியே நின்றார்கள் என்று பார்த்தால், ஒரு முழு வகுப்பே நின்றது. அதுவும் எந்த ஆசிரியர் வாய்த்தார் என்ற அதிர்ஷ்டத்தால்.

நான்காவது வழி: கிளப்

கிளப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த மாலைகள் கிளப் மாலைகள்தான். ஆனால் வருபவர்கள் யார்? வீட்டில் லேப்டாப் இருப்பவர்கள், அண்ணனோ அக்காவோ கணினித் துறையில் இருப்பவர்கள், மாலையில் வீட்டு வேலை இல்லாதவர்கள். தெரிந்தவர்களுக்கே மேலும் தெரியவரும். முதல் மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும் பள்ளியில் கிளப் நல்ல கூடுதல். அது மட்டுமே இருந்தால் இடைவெளியைப் பெரிதாக்கும். விருப்பத்துக்கு விடுவது என்றதும் எஸ்தோனியா நினைவுக்கு வருகிறது. அந்த நாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் கோடிங்கைக் கட்டாயமாக்கியது என்று பலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 2012-இல் அங்கே தொடங்கிய புரோகெடைகர் என்ற கோடிங் திட்டம் கட்டாயமில்லை. விரும்பிய பள்ளிகள் சேர்ந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் கொடுத்தார்கள்.

என் தேர்வு

இரண்டு பீரியட்தான் இருக்கிறது என்றால், நான் அதைத் தனிப் பாடமாக, எல்லாருக்கும் கட்டாயமாக, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வைப்பேன். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே நாளில் வைப்பேன். நாற்பது நிமிட பீரியடில் கணினியைத் திறந்து உட்காருவதற்கே பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பாடத்துக்குள் பாதி நிரலாக்கம், மீதி ஸ்ப்ரெட்ஷீட், ஃபைல்கள், இணையம் எப்படி வேலை செய்கிறது, பாதுகாப்பு. முதல் வழியில் இருந்த நல்லதை இங்கே கொண்டுவந்துவிடலாம். மூன்றாவது வழியிலிருந்து இரண்டே இரண்டு செயல்பாடுகளை மட்டும் எடுத்து மற்ற ஆசிரியர்களிடம் கொடுப்பேன். சமூக அறிவியலில் பக்கவாட்டில் படிப்பது. அறிவியலில் தாங்களே அளந்த தரவை ஸ்ப்ரெட்ஷீட்டில் வரைபடமாக்குவது. எந்த வகுப்பு, எந்த வாரம், எந்த ஆசிரியர் என்று பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். இரண்டுக்கு மேல் கேட்டால் ஒன்றும் நடக்காது.

விருப்பப் பாடமாக வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பதினான்கு வயதுக்கு முன் வேண்டாம். இது எனக்கான பாடமா என்று முடிவெடுக்கப் பிள்ளைக்கு அந்தப் பாடம் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சரி, வகுப்புக்குள் போகலாம். அங்கே இன்னும் சில முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது.

பிளாக்கா, எழுத்தா?

2007-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து வெளிவந்த ஸ்கிராட்ச் போன்ற மொழிகளில் கட்டளைகளைப் பிளாக்குகளாக இழுத்துப் பொருத்தினால் போதும். இலக்கணப் பிழையே வராது. பைத்தானில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சிவப்பில் பிழைச் செய்தி வந்து நிற்கும். உயர்நிலைப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். வெயின்ட்ராப், விலென்ஸ்கி என்ற இருவர் 2017-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், உயர்நிலை மாணவர்களில் பிளாக்கில் தொடங்கியவர்கள் முதல் ஐந்து வாரத்தில் அதிகம் கற்றார்கள், ஆர்வமும் கூடுதலாக இருந்தது. ஆனால் இரு குழுக்களும் ஜாவா என்ற எழுத்து வடிவ மொழிக்கு மாறி பத்து வாரம் கழிந்த பிறகு வித்தியாசம் தெரியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பிளாக்கில் தொடங்குவதால் நஷ்டம் இல்லை, முதல் வாரங்களில் யாரும் பயந்து ஓடமாட்டார்கள். ஆகவே பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒரு பருவம் பிளாக், பிறகு பைத்தான். பதினான்கு வயதில் முதல் தடவையாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று நான்கு வாரம் பிளாக் போதும். அந்த வயதில் நிஜமான மொழி என்ற உணர்வு அவர்களுக்கு முக்கியம்.

நம் மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. கட்டளைகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில் வருகின்றன. தர்க்கம் புரியாததால் தடுமாறுகிறதா, அந்தச் சொல் புரியாததால் தடுமாறுகிறதா என்று ஆசிரியருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. தாஸ்குப்தாவும் ஹில்லும் 2017-இல் ஸ்கிராட்ச் பயன்படுத்துபவர்களின் தரவை ஆராய்ந்தபோது, தம் மொழியில் பிளாக்குகளை வைத்திருந்தவர்கள் புதிய கருத்துகளை வேகமாகப் பயன்படுத்தத் தொடங்கியதைக் கண்டார்கள். பெலியன் ஹெர்மன்ஸ் 2020-இல் தொடங்கிய ஹெடி என்ற மொழி படிப்படியாக ஏறும்படி அமைக்கப்பட்டது, அதில் பல மொழிகளில் கட்டளை எழுதலாம். பைத்தானிலும் ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மதிப்பெண் = 40' என்று எழுதினால் அப்படியே ஓடும். எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பிள்ளைகள் குழம்புவது இதனால் உடனே குறைகிறது. ஆங்கிலத்தில் இருப்பது பைத்தானுடையது, தமிழில் இருப்பது என்னுடையது. எவ்வளவு தெளிவு பாருங்கள்!

கருவி எது?

கையில் பத்து கணினி, வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்பது மிகச் சாதாரணமான நிலை. அப்போது மனம் முதலில் போவது கருவி வாங்குவதில். பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு பிள்ளைக்கு ஒன்று என்று லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் அதன் விளைவைச் சோதித்தவர்கள் 2012-இல் சொன்னது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று. கருவி இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

லேபில் இருவர் ஒரு கணினியில் உட்காருவது குறை இல்லை. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் படித்துப் பிழை சொல்ல, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். தொழில்முறை நிரலாளர்களும் இப்படி வேலை செய்வதுண்டு. இடம் மாறுவதை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தைரியசாலியே கீபோர்டை வைத்துக்கொள்வார்.

போனில் கோட் எழுதவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்னத் திரையில் குறியீடுகளைத் தேடித் தட்டுவதிலேயே பொறுமை போய்விடும். படம் எடுத்து ஆவணப்படுத்த, அளவுகள் எடுக்க, தேடிப்பார்க்க அது நல்ல கருவி.

மைக்ரோபிட் வேறு விதமான கருவி. 2016-இல் பிரிட்டனில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கொடுக்கப்பட்டது. உள்ளங்கை அளவுப் பலகை, 25 சிறு விளக்குகள், இரண்டு பட்டன்கள், அசைவை உணரும் சென்சார், திசைகாட்டி. இரண்டு சிறிய பேட்டரியில் ஓடும். பிளாக்கிலும் எழுதலாம், பைத்தானிலும் எழுதலாம். திரைக்குள் நடப்பது கைக்குள் நடக்கத் தொடங்கும்போது, திரை முன் ஆர்வம் காட்டாத பிள்ளைகள் எழுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நிரலை எழுத ஒரு கணினியோ டேப்லெட்டோ வேண்டும். ராஸ்பெரி பை முழுக் கணினி. அதற்கு மானிட்டர், கீபோர்டு, மெமரி கார்டு எல்லாம் தனியாக வேண்டும், பராமரிக்க ஆர்வமுள்ள ஆசிரியரும் வேண்டும். பத்து பலகைகளை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்து வகுப்புக்கு வகுப்பு சுற்றிவிட்டாலே மைக்ரோபிட் நன்றாகப் பயன்படும்.

கணினியே இல்லாத நாட்களும் வீணல்ல. நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990-களில் உருவாக்கிய கணினி இல்லாச் செயல்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அட்டை வித்தை. ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளை. பிள்ளை ஐந்துக்கு ஐந்தாக அட்டைகளை இஷ்டப்படி அடுக்குவாள். "கொஞ்சம் கடினமாக்குகிறேன்" என்று சொல்லி நான் ஆறாவது வரிசையும் ஆறாவது நெடுவரிசையும் சேர்ப்பேன். ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் வண்ண அட்டைகள் இரட்டைப்படையாக வரும்படி சேர்ப்பதுதான் ரகசியம். நான் கண்ணை மூடிக்கொள்ள, அவள் ஒரே ஒரு அட்டையைத் திருப்பிவைப்பாள். ஒற்றைப்படையாக மாறிய வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டுவேன். வகுப்பே கூச்சலிடும். அப்புறம் அவர்களே கண்டுபிடிக்கும்வரை விட்டுவிட வேண்டும். கம்பியில் போகும் தகவல் சிதைந்ததா என்று கணினி கண்டுபிடிக்கும் முறையின் அடிப்படை இதுதான். பொருளின் பார்கோடிலும் புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணிலும் கடைசி இலக்கம் இதே வேலையைத்தான் செய்கிறது என்றதும், பையிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்குவார்கள்.

எழுதவைப்பதா, படிக்கவைப்பதா?

வெறும் திரையைக் கொடுத்து "ஒரு புரோகிராம் எழுது" என்று சொல்வது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை கேட்பதைப் போல. இந்த இடத்தில் ஸூ சென்டன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பிரிம் முறை எனக்குக் கைகொடுத்தது. முதலில் ஓடும் நிரல் ஒன்றைக் காட்டி, என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். வரி வரியாக ஆராய வேண்டும், ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டும், கடைசியில்தான் சொந்தமாக எழுத வேண்டும். ஊகிப்பது தவறாகப் போனால் யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று சொல்லிவிட வேண்டும். அமைதியாக இருக்கும் பிள்ளைகளும் அப்போதுதான் வாய் திறப்பார்கள். வரிகளைக் கலைத்துப்போட்டு ஒழுங்காக அடுக்கச் சொல்லும் பயிற்சியும் நல்லது. காகிதத்தில் எழுதி வெட்டிக் கொடுத்தால் கணினியே தேவையில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த முறை இன்னும் அவசியமாகிவிட்டது. வீட்டுப்பாடமாக நிரல் எழுதிவரச் சொன்னால், எழுதிவருவது யார் என்று தெரியாது. தடை போடுவதா, அனுமதிப்பதா என்று விவாதிப்பதை விட, கேள்வியை மாற்றுவது நல்லது என்று நினைக்கிறேன். முதல் ஆண்டில் வகுப்பிலேயே எழுத வேண்டும். பிறகு, ஏஐ எழுதிய நிரலைக் கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து படித்து, எந்த உள்ளீட்டுக்கு இது தவறும் என்று தேடலாம். மதிப்பெண்ணுக்கு நான் நம்புவது வைவா என்ற வாய்மொழித் தேர்வைத்தான். பிள்ளை தன் நிரலோடு வந்து நிற்க வேண்டும். "இந்த நான்காவது வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" மூன்று நிமிடம் போதும். உண்மையிலேயே புரிந்தவள் யோசித்துவிட்டு, சரியோ தவறோ ஒரு பதிலைக் காரணத்தோடு சொல்வாள்.

ஆசிரியருக்கு ஒதுக்கும் நேரம்

இவ்வளவு ஒப்பீட்டிலும் என் கண்ணுக்கு மிகப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது, ஆசிரியர் தயாராவதற்கு நேரம் கொடுக்கப்பட்டதா என்பது. பாடத்திட்டம் அற்புதமாக இருந்தும் இங்கிலாந்து முதல் ஆண்டுகளில் தடுமாறியதற்கு அதுதான் காரணம். புதிதாகப் பைத்தான் சொல்லித்தரப்போகும் கணக்கு ஆசிரியருக்கு, வாரத்தில் ஒரு பீரியட் வகுப்பு இல்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டும், ஓர் ஆண்டு முழுக்க. மாணவர்களை விட இரண்டு பாடம் முன்னால் இருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிழைச் செய்தி வந்ததும் "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி, பிள்ளைகள் கண்முன்னே தேடிக் கண்டுபிடிக்கும் ஆசிரியர், அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையே கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

லேப் இல்லை, ஒரே ஒரு ஆசிரியர், அவரும் புதியவர் என்ற நிலையில் இருக்கும் பள்ளி என்ன செய்யலாம்? அடுத்த பருவத்தில் ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சரியாக இருப்பார்கள். முதல் ஆறு வாரம் அட்டைகளும் காகிதமும். அடுத்த ஆறு வாரம் ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், முழு வகுப்பும் சேர்ந்து ஊகிக்கும் சிறு நிரல்கள். பலகைகளோ கணினிகளோ கிடைத்தால் அதன் பிறகு. அந்த ஒரு வகுப்பில் ஒருவரையும் விடாமல் நடத்திவிட்டு, அடுத்த ஆண்டு இரண்டு வகுப்புகளுக்கு விரிக்கலாம்.